ஓரம் கரையும் படம்



நம் தோட்டத்து வீடுகளின் முன்னறைச் சுவரைச் சற்று நினைத்துப் பாருங்கள். சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாலை போட்ட படம் ஒன்று இருக்கும். தாத்தாவோ பாட்டியோ, இளவயதிலேயே மறைந்துபோன சித்தப்பாவோ அதில் இருப்பார். முகமும் தோளும் தெளிவாகத் தெரியும். தோளுக்குக் கீழே சட்டை மெல்ல மெல்ல மங்கி, தாளின் வெண்மையோடு கலந்து போயிருக்கும். படம் எங்கே முடிந்தது, வெறுந்தாள் எங்கே தொடங்கியது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. நாளிதழ்களில் வரும் நினைவஞ்சலி விளம்பரங்களிலும் இத்தகைய படங்களைப் பார்த்திருக்கிறோம்.

இவ்வாறு ஓரம் கரையும் படத்தை அந்நாளில் ஸ்டூடியோவில் எப்படிச் செய்தார்கள்? இந்நாளில் கணினியில் நாமே எப்படிச் செய்துகொள்ளலாம்? இவற்றைத்தான் இன்று காணப்போகிறோம். வானொலியில் படம் காட்ட இயலாது. ஆகவே முதலில் காதால் கேட்டுப் புரிந்துகொள்வோம். கணினி முன் அமரும் நேரத்தில் அச்சில் வரும் இப்பேச்சைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். தாத்தாவுக்கு இருந்தது ஒரே ஒரு படம். லயத்து வீட்டு வாசலில் நின்று எடுத்தது. தாத்தா, அவர் பக்கத்தில் பாட்டி, பாட்டியின் இடுப்பில் கைக்குழந்தையாக எங்கள் அத்தை, ஓரத்தில் பக்கத்து வீட்டுக்காரர். பின்னால் தண்ணீர்த் தொட்டி. சுவரில் சாய்த்து வைத்த காண்டாக் கம்பு. தாத்தா காலமானபோது பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வேண்டுமென்று அதைப் பட்டணத்துக்குக் கொடுத்தனுப்பினோம். கடைக்காரர் முட்டை வடிவில், ஓரம் கரைய, அழகாகத்தான் செய்து கொடுத்தார். ஆனால் வேலை அவசரத்தில் மூலப் படத்தையே கத்தரிக்கோலால் வெட்டி, தாத்தாவை மட்டும் பிரித்தெடுத்திருந்தார். மீதித் துண்டு திரும்பி வரவே இல்லை. பாட்டிக்கு வேறு படம் கிடையாது. இன்றும் அந்தப் படத்தை உற்றுப் பார்த்தால், தாத்தாவின் இடத் தோளுக்கு அருகே, வெண்மைக்குள் கரைகிற இடத்தில், ஒரு சேலையின் கரை மட்டும் தெரியும். அதுதான் எங்கள் பாட்டி.

ஒருவரை எடுப்பதற்காக மூவரை இழந்தோம். இன்று எந்தக் குடும்பமும் அப்படி இழக்க வேண்டிய தேவையில்லை. மறைக்கலாம், அழிக்கலாகாது. இன்றைய பேச்சின் சாரம் இதுதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

இத்தகைய படத்துக்கு விக்னெட் என்று பெயர். இது பிரெஞ்சுச் சொல். சிறிய திராட்சைக் கொடி என்பது இதன் பொருள். பழைய அச்சு நூல்களின் பக்கங்களில் கொடிபோல் வரைந்த அலங்காரத்துக்கு இப்பெயர் வழங்கியது. சட்டம் போடாமல் தாளோடு கலக்கவிட்ட சிறு ஓவியங்களுக்கும், பிறகு ஓரம் கரைந்த புகைப்படங்களுக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது.

ஸ்டூடியோக்காரர் இதை இருட்டறையில் செய்தார். கறுப்பு வெள்ளைப் படத்தாளுக்குத் தீங்கு செய்யாத சிவப்பு விளக்கு மட்டும் அங்கே எரியும். மேலே ஒரு விளக்கு, அதன்கீழ் நெகட்டிவ், பிறகு லென்ஸ், அடியில் படத்தாள். ஒளி பட்ட இடம் மருந்தில் கழுவும்போது கறுக்கும். ஒளி படாத இடம் வெள்ளையாகவே நிற்கும். கடைக்காரர் ஓர் அட்டையில் முட்டை வடிவத் துளை போட்டு, லென்ஸுக்கும் தாளுக்கும் நடுவே பிடிப்பார். துளை வழியே முகத்துக்கு ஒளி போகும். சுற்றிலும் அட்டை தடுத்துவிடும். அட்டையை ஓரிடத்தில் நிறுத்தாமல் மேலும் கீழுமாக மெல்ல அசைத்துக்கொண்டே இருப்பார். அதனால் ஓரங்களுக்கு ஒளி சிறிது கிடைக்கும், சிறிது கிடைக்காது. அந்தச் சிறிதுதான் படத்தின் ஓரத்தைக் கரைய வைத்தது.

மண்ணெண்ணெய் விளக்கு எரிந்த காலத்தில் சுவரில் கைநிழலால் மானும் நாயும் காட்டி விளையாடியவர்களுக்கு இந்த நுட்பம் தெரிந்ததே. கை சுவரை ஒட்டி இருந்தால் நிழலின் ஓரம் கத்தியால் வெட்டினாற்போல் இருக்கும். கையை விளக்கின் பக்கம் கொண்டுபோனால் நிழல் பெருத்து ஓரம் மங்கும். அட்டையும் அப்படித்தான். தாளுக்கு அருகே பிடித்தால் ஓரம் கூர்மையாகும். லென்ஸுக்கு அருகே பிடித்தால் மென்மையாகும். மூலப் படத்தை முழுதாக நகல் எடுத்து, அந்த நகலை அச்சிடும்போது அட்டை பிடித்திருந்தால் எங்கள் பாட்டி தப்பியிருப்பார். இந்த முறையில் வெட்ட வேண்டிய அவசியமே இல்லை.

இனி கணினிக்கு வருவோம்.

கணினியில் உள்ள படம் மிகச் சிறிய சதுரப் புள்ளிகளால் ஆனது. பிக்ஸல் என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் நிறத்தைக் குறிக்கும் எண்கள் உண்டு. கறுப்பு வெள்ளைப் படமானால் ஓர் எண் போதும். 0 என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் முழு வெள்ளை, இடையில் உள்ளவை சாம்பல் சாயல்கள். இதோடு இன்னோர் எண்ணையும் ஒவ்வொரு புள்ளிக்கும் சேர்த்து வைக்கலாம். அந்தப் புள்ளி எவ்வளவு தெரிய வேண்டும் என்பதைக் குறிக்கும் எண் அது. அதை ஆல்ஃபா என்பார்கள். 1970களின் பிற்பகுதியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் எட் காட்மல், ஆல்வி ரே ஸ்மித் ஆகிய இருவரும் இம்முறையைப் படத்தோடு இணைத்து உருவாக்கினார்கள். ஒரு படத்தின்மேல் இன்னொரு படத்தைப் பொருத்தும் கணக்கு விதிகளை 1984ஆம் ஆண்டில் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் வகுத்து வெளியிட்டார்கள்.

கணக்கு என்றதும் அஞ்ச வேண்டாம். பாலில் தண்ணீர் கலக்கும் கணக்குத்தான். தாத்தாவின் சட்டையில் ஒரு புள்ளியின் வெளிச்ச எண் 200 என்று வைத்துக்கொள்வோம். பின்னால் நாம் போடும் பின்னணியின் எண் 40. முக்கால் பங்கு சட்டையும் கால் பங்கு பின்னணியும் தெரியட்டும் என்றால், 200இல் முக்கால் பங்கு 150, 40இல் கால் பங்கு 10, கூட்டினால் 160. பாதிக்குப் பாதி என்றால் 120. சட்டை கால் பங்கு, பின்னணி முக்கால் பங்கு என்றால் 80. ஆகவே உள்ளிருந்து வெளியே போகப் போக 200, 160, 120, 80, 40 என்று படி இறங்குவதுபோல் சட்டை மறைந்து பின்னணி வந்துவிடுகிறது. இந்தப் படிகளை நெருக்கமாக, நூற்றுக்கணக்கில் அமைத்துவிட்டால் கண்ணுக்குப் படியே தெரியாது. கரைதல் மட்டும் தெரியும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சட்டையின் எண் 200 எங்கும் மாறவில்லை. அதை எவ்வளவு காட்டுவது என்பதுதான் மாறியது. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் நின்றவர்களுக்கு இது விளங்கும். பனிமூட்டத்தில் பக்கத்து நிரையின் பால்மரங்கள் தெரியும். அடுத்த நிரை மங்கும். அதற்கடுத்த நிரை காணவே காணாது. மரங்களை யாரும் வெட்டிவிடவில்லை. பனி விலகினால் அத்தனை மரங்களும் அங்கேயே நிற்கும். கணினியில் நாம் செய்ய வேண்டியதும் பனி போடுவதுதான், மரம் வெட்டுவது அன்று.

இதற்கான மென்பொருள்கள் பல உண்டு. நாம் இங்கே கிம்ப் என்பதை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவர்களாக இருந்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் இருவரும் 1995ஆம் ஆண்டில் இதைத் தொடங்கினார்கள். இதற்கு ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. பழைய கணினியிலும் ஓரளவு ஓடும். வீட்டில் படிக்கும் பிள்ளை ஒருவர் இருந்தால் அவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு தாய்மார்களும் செய்து பார்க்கலாம்.

முதல் வேலை, படத்தைக் கணினிக்குள் கொண்டுவருவது. 1948ஆம் ஆண்டில் அவசரகாலத்தின்போது அடையாளக் கார்டுப் பதிவு தொடங்கியது. குடியுரிமை கிடைக்காத நம்மவர் பலர் சிவப்புக் கார்டே வைத்திருந்தார்கள். அந்தக் கார்டில் உள்ள படமே சில குடும்பங்களில் மிஞ்சியிருக்கும் ஒரே முகம். அதை உரிக்கவோ வெட்டவோ கூடாது. கார்டோடு அப்படியே ஸ்கேன் செய்தால் போதும். ஸ்கேன் செய்யும்போது 600 டி.பி.ஐ. என்ற அளவைக் கேளுங்கள். 35 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் உள்ள சிறிய படம் அந்த அளவில் ஏறக்குறைய 830க்கு 1180 பிக்ஸலாக வரும். கண்ணாடிச் சட்டத்துக்குள் படம் ஒட்டிப் போயிருந்தால் பிடித்து இழுக்காதீர்கள். முகம் கண்ணாடியோடு போய்விடும். சட்டத்தோடேயே, வீட்டு அஞ்சடியில் நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வைத்து, ஃபிளாஷ் போடாமல், கைப்பேசியைச் சாய்க்காமல் படம் எடுக்கலாம்.

கிம்பில் படத்தைத் திறந்தவுடன் 'சேவ்' கொடுங்கள். எக்ஸ்.சி.எஃப். என்ற வகைக் கோப்பாக அது தனியே சேமிக்கப்படும். மூலக் கோப்பு தொடப்படாமல் இருக்கும். மேலே உள்ள பட்டியலில் 'லேயர்' என்பதற்குள் 'டிரான்ஸ்பரன்ஸி' என்று இருக்கும். அதில் 'ஆட் ஆல்ஃபா சேனல்' என்பதைச் சொடுக்குங்கள். சற்று முன்பு சொன்ன அந்த இரண்டாவது எண்ணை வைக்க இடம் உண்டாயிற்று. லேயர் என்றால் அடுக்கு. கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போல் கணினி படங்களை அடுக்கி வைக்கிறது.

அடுத்து விசைப்பலகையில் 'இ' என்ற ஆங்கில எழுத்தை அழுத்தினால் நீள்வட்டம் போடும் கருவி வரும். முகத்தையும் தோளையும் சுற்றி நீள்வட்டம் இழுங்கள். பிறகு 'செலக்ட்' பட்டியலில் 'ஃபெதர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஃபெதர் என்றால் இறகு. இறகின் ஓரம்போல் மென்மையாக்கு என்று பொருள். எத்தனை பிக்ஸல் என்று அது கேட்கும். நீள்வட்டத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கில் தொடங்குவது நல்லது. அகலம் 600 பிக்ஸல் என்றால் 60 கொடுத்துப் பாருங்கள். போதவில்லையென்றால் பின்னோக்கிச் சென்று 100 கொடுக்கலாம். ஒரு படத்துக்கு அழகாக அமைந்த எண் இன்னொரு படத்துக்கு அமையும் என்று எண்ணிவிடக் கூடாது. 4,000 பிக்ஸல் அகலமுள்ள கைப்பேசிப் படத்தில் 60 என்பது நூலளவாகத்தான் தெரியும்.

இப்போது 'லேயர்' பட்டியலில் 'மாஸ்க்' என்பதற்குள் சென்று 'ஆட் லேயர் மாஸ்க்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். எதைக் கொண்டு மாஸ்க் அமைப்பது என்று கேட்கும். 'செலக்‌ஷன்' என்பதைக் குறித்து ஒப்புதல் கொடுங்கள். அவ்வளவுதான். ஓரம் கரைந்துவிடும். கரைந்த இடத்தில் சாம்பல் நிறக் கட்டங்கள் தெரியும். அவை படத்தில் உள்ளவை அல்ல. இங்கே ஒன்றும் இல்லை, பின்னால் எதை வைத்தாலும் தெரியும் என்பதற்கு அடையாளம் அவை.

மாஸ்க் என்ற சொல் 2020ஆம் ஆண்டுக்குப் பிறகு நமக்குப் புதிதன்று. மாஸ்க் போட்டால் வாய் மறைகிறது. கழற்றினால் வாய் அங்கேயே இருக்கிறது. கிம்பில் உள்ள மாஸ்க்கும் அதே வேலையைத்தான் செய்கிறது. அதே மென்பொருளில் அழிப்பான் என்றொரு கருவியும் உண்டு. அதைக் கொண்டு ஓரங்களைத் தேய்த்தாலும் கண்ணுக்கு இதே அழகு கிடைக்கும். ஆனால் தேய்த்ததை மாஸ்க்கைப் போல் எளிதாகத் திருத்திக்கொள்ள முடியாது. ஆகவே அழிப்பானை எடுக்காதீர்கள், மாஸ்க் போடுங்கள்.

மாஸ்க்கினால் இன்னொரு நன்மையும் உண்டு. திருத்திக்கொண்டே இருக்கலாம். முதலில் 'செலக்ட்' பட்டியலில் 'நன்' என்று கொடுத்து நீள்வட்டத்தை நீக்கிவிடுங்கள். பிறகு அடுக்குப் பட்டியலில் மாஸ்க்கின் சிறு கட்டத்தைச் சொடுக்கி, ஓரம் மென்மையான தூரிகையை எடுங்கள். கறுப்பைப் பூசினால் படம் மறையும். வெள்ளையைப் பூசினால் மறைந்தது திரும்ப வரும். சாம்பலைப் பூசினால் அரைகுறையாகத் தெரியும். தாத்தாவின் காது பாதி போய்விட்டதா? வெள்ளையை இலேசாகப் பூசுங்கள், காது வந்துவிடும்.

பழகாதவர்களுக்கு வழக்கமாக நேரும் தவறுகள் நான்கு.

முதல் தவறு, நீள்வட்டத்தை முகத்தை ஒட்டியே போடுவது. ஃபெதர் கொடுக்கும்போது கரைதல் கோட்டுக்கு வெளியே பாதி, உள்ளே பாதி என்று பரவுகிறது. கோட்டின்மேல் இருப்பது சரிபாதிதான் தெரியும். ஆகவே காதுக்கும் தலைமுடிக்கும் இடம் விட்டே கோடு போட வேண்டும்.

இரண்டாவது தவறு, நீள்வட்டம் படத்தின் விளிம்பைத் தொட்டுவிடுவது. கரைந்து முடிவதற்குள் படம் முடிந்துவிடும். அந்த இடத்தில் மட்டும் நேர்க்கோடாக ஒரு வெட்டுத் தெரியும். மூன்று பக்கம் பனியும் ஒரு பக்கம் சுவருமாக இருக்கும்.

மூன்றாவது, பின்னணி நிறம். முன்னே சொன்னபடி, கரைகிற புள்ளி தன் நிறத்தை விடுவதில்லை. வெளிறிய சுவர் முன் எடுத்த படத்தைக் கருநீலப் பின்னணியில் வைத்தால், தலையைச் சுற்றிப் புகை வளையம் போன்ற வெளுப்பு நிற்கும். பலர் இதைக் கணினியின் கோளாறு என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது பழைய சுவர்தான். பழைய சுவரின் நிறத்தையே பின்னணிக்கும் கொடுப்பது இதற்கு எளிய மருந்து. 'ஓ' என்ற ஆங்கில எழுத்தை அழுத்தினால் நிறம் எடுக்கும் கருவி வரும். மாஸ்க்குக்குப் பக்கத்தில் உள்ள படக் கட்டத்தைச் சொடுக்கிவிட்டு, படத்தில் அந்தச் சுவரின்மேல் சொடுக்குங்கள். அந்நிறத்தால் ஒரு புதிய அடுக்கை நிரப்பிப் படத்துக்குக் கீழே வையுங்கள். வளையம் மறைந்துவிடும்.

நான்காவது, சேமிக்கும் வகை. கடைசியில் 'எக்ஸ்போர்ட் ஆஸ்' என்று கொடுத்து வெளியே எடுக்கும்போது ஜேபெக் வகையில் எடுத்தால் ஒளி ஊடுருவும் தன்மை போய்விடும். 1992ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட அந்த வகையில் ஆல்ஃபா எண்ணுக்கு இடமில்லை. 1996ஆம் ஆண்டில் வந்த பி.என்.ஜி. வகையில் இடமுண்டு. ஆகவே கோப்பின் பெயருக்குப் பின் பி.என்.ஜி. என்று போடுங்கள். நாளிதழ் விளம்பரத்துக்குக் கொடுப்பதானால் வெள்ளைப் பின்னணியோடு கொடுப்பது பாதுகாப்பு. மிக இலேசான சாயல்கள் நாளிதழ்த் தாளில் பதியாமல் போகலாம் என்பதால், கரைதலை மிகவும் அகலமாக வைக்காமலிருப்பதும் நல்லது.

நேயர்களே, செய்முறை இவ்வளவே. பழகிவிட்டால் கால் மணி நேர வேலை. ஆனால் கைவேலை முடிந்த பிறகும் சிந்திக்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

ஓரத்தைக் கரைப்பது எதற்காக? முகத்தின்மேல் மட்டும் கண் நிற்க வேண்டும் என்பதற்காக. மறைந்தவரை வணங்கும் படத்துக்கு அது பொருத்தமே. ஆனால் நாம் கரைத்துவிடும் அந்த ஓரத்தில் என்னென்ன இருக்கின்றன என்று ஒரு கணம் பாருங்கள். லயத்தின் தகரக் கூரை. வாசலில் கவிழ்த்து வைத்த மங்குகள். பால்வாளி. தோட்டத்துக் கோயில் கோபுரத்தின் ஒரு மூலை. பெயர் மறந்துபோன ஒரு சிநேகிதி. பால்மரம் நின்ற இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்த தோட்டங்கள் எத்தனையோ. லயங்கள் இடிக்கப்பட்டு, குடும்பங்கள் திசைக்கொன்றாகப் பிரிந்த பிறகு, அந்த இடம் இப்படித்தான் இருந்தது என்பதற்கு நம்மிடம் உள்ள சாட்சி அந்த ஓரம்தான். முகம் யார் என்று சொல்கிறது. எங்கே, யாரோடு, எப்படி வாழ்ந்தார் என்பதை ஓரம் சொல்கிறது.

ஆகவே ஓரம் கரைந்த படத்தைச் சுவரில் மாட்டுங்கள். முழுப் படத்தையும் காப்பாற்றுங்கள். முழுப் படத்தின் கோப்பை இரண்டு இடங்களில் வையுங்கள். ஒன்று வீட்டில், மற்றொன்று வெளியூரில் இருக்கும் அண்ணன் தம்பியிடமோ அக்காள் தங்கையிடமோ இருக்கட்டும். கணினி பழுதானாலும் படம் தப்பும். தாள் படத்தின் பின்புறம், மென்மையான பென்சிலால், அழுத்தாமல், யார் யார் நிற்கிறார்கள், எந்தத் தோட்டம், ஏறக்குறைய எந்த ஆண்டு என்று எழுதி வையுங்கள். பேனா மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். எழுதுவதற்கு முன் வீட்டில் உள்ள மூத்தவர்களிடம் கேளுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.

எங்கள் வீட்டுப் படத்தை அண்மையில் ஸ்கேன் செய்து திரையில் பெரிதாக்கிப் பார்த்தோம். அந்தச் சேலைக் கரையைத் திரையில் தொட்டுக் காட்டி, எண்பது வயதை நெருங்கும் எங்கள் அத்தை, "இது அம்மாவோட கல்யாணச் சேலை" என்றார். அதற்குமேல் அந்தப் படத்திலிருந்து பாட்டியைப் பற்றி அறிய வழியில்லை. எந்த மென்பொருளாலும் வெட்டி எறிந்ததைத் திரும்பக் கொண்டுவர முடியாது. உங்கள் வீட்டுப் பெட்டிக்குள் இன்னும் வெட்டப்படாத படம் ஒன்று இருக்கக்கூடும். அதை இன்றே எடுத்துப் பாருங்கள்.